டூ விதி

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு பாத்திரக் கடையின் மாடியில், மலைத்தோட்டக் கணித மேம்பாட்டு அலகு இயங்குகிறது. இயங்குகிறது என்பது பெயர்ப்பலகை சொல்வது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் வரவில்லை என்று கண்டுபிடித்ததால் அது தொடங்கப்பட்டது. தொடங்கிய நாள்முதல் அதே கண்டுபிடிப்பை ஆண்டுக்கொரு முறை அட்டை போட்ட அறிக்கையாக அது வெளியிட்டு வந்தது.

அலகு உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றுதான். உயர்தரத்தில் கணிதம் படிக்க விரும்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் பதுளையில் விடுதியோடு ஒரு விசேட வகுப்பு நடத்தியது. பின்தங்கியோருக்கான வகுப்பு என்று அதற்குப் பெயர். பெயர் எப்படியிருந்தாலும் உள்ளே உண்மையான ஆசிரியர்கள் இருந்தார்கள், உண்மையான கணிதம் நடந்தது. உள்ளே போவதற்கு ஒரு தெரிவுப் பரீட்சை.

மடுல்சீமைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து துஷாந்தினி அந்தப் பரீட்சையை எழுதினாள். அவளுக்கு அந்த வகுப்பு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் பிடிக்கும் பெண் ஒருத்தி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து, அவள் கண்பார்வை எப்படி, நின்றுகொண்டு வேலை செய்வாளா என்றெல்லாம் விசாரித்துவிட்டுப் போயிருந்தாள். அம்மா பெரியாயி, "வகுப்பு கெடைச்சா படி. கெடைக்காட்டி அந்தக்கா கூடப் போ" என்று சொல்லிவிட்டாள். பெரியாயி கல்நெஞ்சக்காரி இல்லை. நாளெல்லாம் கொழுந்து மலையில் அட்டைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு ஒரு விசயத்தை இரண்டு தடவை யோசிக்கத் தெம்பிருப்பதில்லை.

பரீட்சைத் தாளின் ஐந்தாவது கேள்வி இப்படி அச்சாகியிருந்தது:

x = 5 எனின், xடூ2 இன் பெறுமதி யாது?

அடுத்த கேள்வியில் yடூ3 வந்தது. அதற்கடுத்ததில் a_1, a_2, a_3 என்று, எழுத்துக்கும் இலக்கத்துக்கும் நடுவில் கீறிட்ட இடம் விட்டிருந்தது. தாளின் கடைசிப் பக்கம் வரைக்கும் டூக்கள் உட்கார்ந்திருந்தன.

மண்டபத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். மேற்பார்வையாளர் வெளியே போய் அலகுக்குப் போன் போட்டார். திரும்பி வந்து, "உள்ளபடியே செய்யட்டுமாம்" என்றார்.

"டூன்னா என்ன சேர்?" என்று கொஸ்லந்தப் பக்கத்துப் பையன் ஒருவன் கேட்டான்.

"அது கேள்விக்குள்ள வர்ற விசயம். கேள்விக்கு நான் பதில் சொல்லக்கூடாது."

பிள்ளைகள் உள்ளபடியே செய்தார்கள். பெரும்பாலானவர்கள் ஐந்தையும் இரண்டையும் பெருக்கிப் பத்து என்று எழுதினார்கள். சிலர் கூட்டி ஏழு என்றார்கள். கொஸ்லந்தப் பையன் டூவை இங்கிலீசில் வாசித்து, ஐந்நூற்று இருபத்திரண்டு என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தான். கீறிட்ட இடங்களைச் சிலர் கூட்டல் குறி போட்டு நிரப்பினார்கள். மொழிப்பாடத்தில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளை 'மற்றும்' என்று நிரப்பினாள்.

துஷாந்தினி டூவை ஒரே கோட்டில் வெட்டினாள். பின்னால் நின்ற 2ஐயும் வெட்டி, அதை x இன் தலைக்கு வலப்பக்கம் சின்னதாக எழுதினாள். விடை இருபத்தைந்து. a-க்கும் 1-க்கும் நடுவிலிருந்த கோட்டை வெட்டி, 1ஐ a-யின் காலடியில் வைத்தாள். தாள் முழுவதையும் இப்படியே திருத்திச் செய்து முடித்தாள். நேரம் மிச்சமிருந்ததால் மறுபடி சரிபார்க்கவும் செய்தாள்.

தாள்கள் திருத்தி முடிவதற்கு முன்பே அலகிலிருந்து ஓர் அறிவித்தல் வந்தது, அதில் அவள் பெயர் மட்டும் இருந்தது. பெயருக்குக் கீழே ஒரு வரி. 'பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம்: வினாத்தாளில் தலையிட்டமை.'

அவளுடைய அண்ணன் விஜேந்திரன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டும் தளத்தில் கொழுந்து பரப்புகிறவன். படிப்பைப் பாதியில் விட்டவன். அவனுக்குத் தெரிந்த கணக்கு நிறுவையோடு முடிந்துவிடும். தலையிட்டமை என்றால் என்ன என்று தங்கச்சியிடம் கேட்டான்.

"தப்பா இருந்துச்சு, சரியாக்கினேன்" என்றாள்.

"சரியாக்கினா எதுக்குப்புள்ள நிப்பாட்டி வைக்கிறாங்க?"

"அதத்தான் நீ போயிக் கேக்கணும்."

மழையில் மடுல்சீமை ரோடு சரிந்து கிடந்தது. பாதித் தூரம் நடந்து, பாதித் தூரம் லொறியில் தொற்றிக்கொண்டு விஜேந்திரன் பதுளைக்குப் போய்ச் சேர்ந்தான். அலகின் வாசலில் இருந்தவர் அவனைத் தலையீட்டு விடயப் பகுதிக்கு அனுப்பினார். அந்தப் பகுதி ஒரு மேசை. அந்த மேசைக்குரியவர் வேறொரு மாவட்டத்தில் தலையீடு பற்றிய பயிற்சியில் இருந்தார். அவன் இடம் தெரியாமல் தட்டச்சு அறைக்குள் நுழைந்துவிட்டான். அங்கே றிஸ்னி என்ற பெண் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அலகின் தமிழ்த் தாள் எல்லாம் அவள் கையால் அடிக்கப்படுவது.

"மிஸ், இந்த டூ எங்கருந்துங்க வந்துச்சு?"

றிஸ்னி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "எங்கருந்தும் வரல்ல தம்பி. இங்கதான் பொறந்த. கதவச் சாத்துங்க."

கையைத் துடைத்துக்கொண்டு அவள் திரையைக் காட்டினாள். தாள் முதலில் சிங்களத்தில் கொழும்பிலிருந்து வருகிறது. அதை அடிப்பவர்கள் x போட்டு, வீட்டுக் கூரை மாதிரி ஒரு சின்னக் குறி போட்டு, 2 போடுவார்கள். கூரை போட்டால் பின்னால் வருவதை மேலே ஏற்று என்று பொருள். அடிக்கோடு போட்டால் கீழே இறக்கு என்று பொருள். கொழும்பில் உள்ள மென்பொருளுக்கு அது புரியும், ஏற்றும், இறக்கும். இங்கே இருப்பதற்குப் புரியாது. இங்கே எல்லாவற்றையும் பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுகிறார்கள். அந்த எழுத்துருவில் கூரை இருக்க வேண்டிய விசையில் டூ இருக்கிறது.

"அவ்வளவுதான்" என்றாள் றிஸ்னி. "கூரையப் பிரிச்சுப் பாத்தா உள்ளுக்கு டூ. அடிக்கோடு பாவம், அது அடிக்கோடாவே நின்டுட்டு. புள்ளைகள் கீறிட்ட இடம்னு நெனச்சு நெரப்பி வெச்சிருக்கு."

"அத எடுத்துட்டு நீங்களே ரெண்ட மேல போட்டுறலாமில்லீங்களா?"

"ஒருக்கா போட்டன். விசாரண வெச்சாங்க." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இங்க ஒரு ஒழுங்கு இருக்கு தம்பி. சொல்லு மொழிபெயர்க்கிறவருக்கு. எழுத்து எனக்கு. இலக்கம் பாட ஆலோசகருக்கு. குறி ஒருத்தருக்கும் இல்ல. x கோளாறா வந்தா நான் திருத்தலாம், அது எழுத்து. கூரை குறி. கொழும்புல போட்ட குறிய இங்க ஒருத்தரும் தொடப்படாது."

"அந்த ரெண்டு இலக்கந்தானுங்களே? அந்த ஆலோசகரு தொடலாமில்ல?"

"ரெண்டு ரெண்டாத்தான் இருக்கான்னு அவர் பாப்பார். எங்க இருக்குன்னு பாக்க மாட்டார். இடம் அவர்ர வேல இல்ல."

விஜேந்திரனுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் ஒன்று விளங்கியது: தங்கச்சி செய்தது சரி, அது இந்த அறையில் இருப்பவளுக்கும் தெரியும். இதைப் பெரியவரிடம் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்பினான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும் அப்படி ஒரு நம்பிக்கை அவனுக்கு மிச்சமிருந்தது.

பெரியவரின் பெயர் வீரய்யா. பணிப்பாளர். அவருடைய மேசைமேல் அவரே பரிசளிக்கும் படமும், அவருக்கே பரிசளிக்கும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எந்தப் பேச்சையும் அவர் ஒரே வாக்கியத்தில் தொடங்குவார்.

"தம்பி, நானும் லயத்துல பொறந்தவன்தான். அந்த உரிமையில சொல்றேன். நம்ம ஆளுங்ககிட்ட ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. கேள்வி குடுத்தா பதில் சொல்லணும். அத விட்டுட்டுக் கேள்வியத் திருத்தப் போறது. ஒங்க தங்கச்சி செஞ்சது என்னான்னு தெரியுமா? கீழ இருந்த ஒரு இலக்கத்த, யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்காம, தூக்கி மேல வச்சிருக்கு."

"அது மேலதான் இருக்கணுமாங்க சேர்."

"இருக்கணும்ங்கறது வேற, இருக்குறது வேற. அலகு இருக்குறதத்தான் பாக்கும். நான் கீழருந்து இந்தக் கதிரைக்கு வர எத்தன பேரு கையெழுத்து தேவப்பட்டுச்சு தெரியுமா? அந்த ரெண்டு ஒரு புள்ள போட்ட ஒரு கோட்டுல மேல போயிருமா?"

"சேர், அந்த டூ தப்பா அடிபட்டதுன்னு..." றிஸ்னியின் பெயர் வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினான். "...சொல்றாங்க."

"தப்பா?" வீரய்யா கண்ணாடியைக் கழற்றினார். "இந்த அலகுல தப்பு நடந்ததா எழுத்துல ஏதாவது இருக்கா? இருந்தா காட்டுங்க. இல்ல. கணக்குல பை இருக்கு, தீட்டா இருக்கு, அல்பா இருக்கு. கிரேக்கன் எழுத்து. அத வாய மூடிக்கிட்டுப் படிச்சோமா இல்லியா? இன்னக்கி மொத மொதலா ஒரு தமிழ் எழுத்து அட்சரகணிதத்துக்குள்ள போயிருக்கு. பெருமப்படாம முறைப்பாடு கொண்டாந்திருக்கீங்க."

தான் சொன்னது தனக்கே பிடித்துப்போனது அவர் முகத்தில் தெரிந்தது. மேசையிலிருந்த துண்டுத் தாளில் அதைக் குறித்து வைத்தார். பிறகு விஜேந்திரன் நிற்பதையே மறந்துவிட்டார்.

அந்தத் துண்டுத் தாள் அடுத்த வாரம் ஓர் உரையாயிற்று, அதற்கடுத்த வாரம் ஒரு குழுவாயிற்று. குழுவின் பெயர் டூ வரைவிலக்கணக் குழு.

குழுவுக்கு அவசரமான வேலை இருந்தது. கொழும்பின் விடைத்திட்டத்தில் ஐந்தாவது கேள்விக்கு இருபத்தைந்து என்றிருந்தது. தமிழ் விடைத்தாள்களில் அந்த இருபத்தைந்து துஷாந்தினியிடம் மட்டுமே இருந்தது. அவள் தாளோ குற்றவாளி. விடைத்திட்டப்படி திருத்தினால் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் விழுவார்கள். டூ என்றால் என்ன என்று அலகே சொல்லியாக வேண்டும்.

பாட ஆலோசகர் மர்ஸூக் கூட்டத்தின் தொடக்கத்தில் ஒரு தடவை வாய் திறந்தார். கணிதத்தில் பட்டம் பெற்றவர், நல்ல மனிதர், ஓய்வூதியத்துக்கு அண்மையில் இருந்தார்.

"இது வர்க்கம்தானே சேர். அஞ்சின் வர்க்கம் இருவத்தஞ்சு."

"அப்படிக் கருதலாம்னு ஒங்களுக்கு எழுத்துல அதிகாரம் இருக்கா?" என்றார் வீரய்யா.

"இல்ல."

"டூ குறியா, இலக்கமா?"

"குறி."

"குறி ஒங்க பொறுப்பா?"

"அப்ப நான் ஒண்டும் சொல்லல்ல" என்று மர்ஸூக் சிற்றுண்டித் தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்துக்கொண்டார். கூட்டம் முடியும்வரை அவர் வாய் அந்த ரோல்ஸுக்கு மட்டுமே திறந்தது.

விடைத்தாள்களைப் பரப்பி எந்த விடை அதிகம் என்று பார்த்தார்கள். பத்து. ஆகவே டூ என்பது பெருக்கல் என்று ஏகமனதாகத் தீர்மானமானது. சனநாயக நாட்டில் கணிதமும் பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டது என்று வீரய்யா கூட்டக் குறிப்பில் ஏற்றினார். கீறிட்ட இடத்தைப் பொறுத்தவரை, கூட்டல் குறி, காற்புள்ளி, அல்லது பண்பான எந்தச் சொல்லும் ஏற்கப்படும் என்றார்கள். 'மற்றும்' எழுதிய பிள்ளைக்கு விசேட பாராட்டு. ஐந்நூற்று இருபத்திரண்டு எழுதிய பையனுக்கு முயற்சிக்காகப் பாதிப் புள்ளி.

திருத்தி முடித்தபோது தமிழ்மொழி மூலம் தேறியோரின் சித்தி வீதம் அலகின் சரித்திரத்திலேயே காணாத உயரத்தில் நின்றது. ஒரு மண்டபம் பிடித்து வீரய்யாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடைகளை அலகுதான் வாங்கியிருந்தது.

துஷாந்தினியின் நிலைமை இதனால் மோசமானது. முன்பு அவள் வினாத்தாளில் தலையிட்டவள், விடை மட்டும் சரி. இப்போது விடையும் பிழை.

டூவைப் பற்றித் தெளிவில்லாத பரீட்சார்த்திகளுக்கும் பெற்றோருக்கும் பண்டாரவளையில் ஒரு செயலமர்வு வைத்தார்கள். வராவிட்டால் நிறுத்தி வைத்த பெறுபேறு நிறுத்தியபடியே இருக்கும் என்று போனில் தகவல் வந்தது. பெரியாயி காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, அன்றைய நாட்சம்பளத்தை இழந்து, மகளோடும் மகனோடும் போனாள். மண்டபத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"நானும் லயத்துல பொறந்தவன்தான்" என்று வீரய்யா தொடங்கினார். தமிழன் உலகத்துக்குப் பூச்சியம் கொடுத்தான் என்றார். அது யார் கொடுத்தது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. பூச்சியத்துக்குப் பிறகு இவ்வளவு காலம் ஒன்றும் கொடுக்காமல் இருந்தது வெட்கம் என்றார். அந்த வெட்கம் இன்றோடு தீர்ந்தது என்றார். மர்ஸூக் எழுந்து பலகையில் 5டூ2 = 10 என்று எழுதினார். எழுதியதைத் திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்தார்.

கொஸ்லந்தப் பையனின் தகப்பன் கந்தப்பன் எழுந்தார். மகனுக்குக் கிடைத்த பாதிப் புள்ளியால் அவருக்குக் கணிதத்தில் ஆர்வம் வந்திருந்தது.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க. பத்தடிக்குப் பத்தடி லயத்துக் காம்பரா. அதோட பரப்பு எத்தனங்க?"

"நல்ல கேள்வி. பக்கம் டூ ரெண்டு. பத்து டூ ரெண்டு. இருவது சதுர அடி."

கந்தப்பன் விரல்களைப் பார்த்தார். "அப்ப நாங்க எட்டுப் பேரு இருவது அடியிலயா படுத்துக் கெடக்கோம்?"

"கெடக்குறீங்களா, இல்லியா?"

"கெடக்கோமுங்க."

"அப்ப கணக்குச் சரிதானே. ஒக்காருங்க."

"இதுக்கு முந்தி தப்பாவுல்ல நெனச்சிட்டு இருந்தோம்" என்று முன்வரிசையில் யாரோ முனகினார்கள். சிரிப்பு எழுந்தது. வீரய்யாவும் சேர்ந்து சிரித்தார். தோட்ட வீடமைப்பைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் விருந்தினராக மேடையில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை. அந்த விதியின் பிரதி ஒன்று தமக்குக் கிடைக்குமா என்று கேட்டார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துஷாந்தினியைத் தனியறைக்குக் கூப்பிட்டார்கள். வீரய்யாவும் மர்ஸூக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பெரியாயியும் விஜேந்திரனும் சுவரோரம் நின்றார்கள். உட்காரக் கதிரை இருந்தது, உட்காரச் சொல்ல ஆளில்லை.

"ஒங்கள ரெண்ட மேல தூக்கச் சொன்னது யாரு?" என்றார் வீரய்யா.

"யாரும் சொல்லல சேர். அது மேலதான் இருக்கும்."

"தாள்ல மேல இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப?"

"தாள் தப்பு சேர்."

பெரியாயி மகளின் முழங்கையைக் கிள்ளினாள். வீரய்யா புன்னகைத்தார். சின்னவர்களை மன்னிக்கும்போது அவருக்கு வரும் புன்னகை அது.

"பாருங்க மர்ஸூக், கெட்டிக்காரப் புள்ள. இந்தப் புள்ளய விட்ற மனசில்ல. ஒரு வாய்ப்புக் குடுக்குறோம். தவறுதலா கேள்வியத் திருத்திட்டேன்னு ஒரு கையெழுத்து. பெறகு தனியா ஒரு தாள் தருவோம். டூ விதிப்படி ஒழுங்காச் செஞ்சா வகுப்புல எடம். இல்லன்னா, இந்தப் பக்கமே வர வேணாம்."

துஷாந்தினி மர்ஸூக்கைப் பார்த்தாள். "சேர், நீங்க சொல்லுங்க. அஞ்சின் வர்க்கம் எத்தன?"

மர்ஸூக் மேசையைப் பார்த்துக்கொண்டே, "மகள், கையெழுத்த வெச்சிட்டு வகுப்புக்கு வாங்க. வகுப்புல எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்றார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அலகுக்காரர் ஒருவர் பேசியதில் உண்மைக்கு மிக அருகில் வந்த வாக்கியம் அதுதான்.

"யோசிச்சுச் சொல்றோமுங்க" என்று விஜேந்திரன் தங்கச்சியை வெளியே கூட்டி வந்தான். பின்பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பெரியாயி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிக் காலைத் தேய்த்தாள்.

"அந்தாளுக்கே தெரியும்ண்ணே. பலகையில எழுதிட்டு அந்தப் பக்கம் பாக்கவேயில்ல. பாத்தியா?"

"பாத்தேன்."

"பெறகு நான் ஏன் எழுதணும்?"

"அவரு எழுதல? பட்டம் வாங்குன மனுசனே எழுதுறாரு."

"அவருக்குப் பென்சன். எனக்கு என்னா?"

"ஒனக்கு வகுப்பு." விஜேந்திரன் குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு. தொழிற்சாலையில ஈரக் கொழுந்தக் காஞ்ச கொழுந்துன்னு தொரை சொன்னா நான் ஆமாங்கறேன். கொழுந்து அதுக்காகக் காஞ்சிருமா? காயாது. ஆனா நான் வேலையில இருக்கேன். ஒரே ஒரு தாளு. பத்துன்னு எழுது. உள்ள போயிட்டு இருவத்தஞ்சுன்னு ஆயிரம் தடவ எழுது, யாரு கேக்கப் போறா?"

"பொய்யின்னு தெரிஞ்சே எழுதச் சொல்ற."

"ஆமா."

"அம்மா, நீ சொல்லு."

பெரியாயி தேத்தண்ணியை ஊதினாள். "எனக்கு ஒங்க கணக்கெல்லாம் தெரியாதுடி. பத்தோ இருவத்தஞ்சோ, எது சொன்னா கதவத் தொறக்குறானோ அதச் சொல்லு."

துஷாந்தினி எழுந்து போய்க் கையெழுத்து வைத்தாள்.

தனித்தாளை அவள் பதுளையில், அலகின் மாடியில், பாத்திரக் கடைச் சத்தத்துக்கு நடுவே எழுதினாள். ஒரு டூவையும் வெட்டவில்லை. ஐந்து டூ இரண்டு பத்து. நான்கு டூ மூன்று பன்னிரண்டு. ஒரு முக்கோணத்தில் பைதகரசின் தேற்றம் கேட்டிருந்தார்கள். டூ விதிப்படி அந்த முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவது பக்கம் வந்தது. அதாவது முக்கோணம் தட்டையாகிச் செத்துக் கிடந்தது. அவள் அதன் பரப்பளவையும் கேட்டபடி கணித்து எழுதினாள். கீறிட்ட இடங்களைப் பண்பான சொற்களால் நிரப்பினாள். எங்கே எந்தப் பொய் வர வேண்டும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. உண்மை தெரிந்தவளுக்குத்தான் அது முடியும். மற்றப் பிள்ளைகள் குத்துமதிப்பாகப் பிழைவிட்டிருந்தார்கள். இவள் பிழையே இல்லாமல் பிழைவிட்டாள்.

முழுப் புள்ளி. பட்டியலில் முதலிடம்.

பெரியாயி ஆள் பிடிக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, மகள் வரமாட்டாள் என்று சொன்னாள். லயத்தில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். விஜேந்திரன் லுணுகலைக்குப் போய் ஒரு மெத்தையும் பூட்டுப் போட்ட பெட்டியும் வாங்கி வந்தான். அந்த நாட்களில் துஷாந்தினி எங்கிருந்தோ கிடைத்த பழைய உயர்தரப் புத்தகத்தைத் திறந்து, அடுப்பங்கரையில் உட்கார்ந்து, மேலே ஏறிய இலக்கங்களையும் காலடியில் நின்ற இலக்கங்களையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை சிரித்ததை அண்ணன் பார்த்தான்.

வகுப்பு தொடங்கும் நாளில் மெத்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு அண்ணனும் தங்கச்சியும் விடுதி வாசலுக்குப் போனார்கள். வாசல் பூட்டியிருந்தது. காவற்காரர் அலகுக்குப் போகச் சொன்னார். அலகின் மாடிப்படியில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே விழா. வீரய்யா ஒலிவாங்கி முன்னால் நின்றார், பொன்னாடை கழுத்தில் கிடந்தது.

"நானும் லயத்துல பொறந்தவன்தான். இந்த அலகத் தொடங்குறப்ப என்னா சொன்னாங்க? தோட்டத்துப் புள்ளைங்களுக்குக் கணக்கு வராதுன்னாங்க. இன்னக்கி நம்ம சித்தி வீதத்தப் பாருங்க. இதுக்கு மேல போக எடமில்ல. பின்தங்குன நெலம ஒழிஞ்சிருச்சுன்னு மேலிடமே ஏத்துக்கிட்டாங்க. ஆகவே பின்தங்கியோருக்கான விசேட வகுப்ப இன்னயிலருந்து மூடுறோம்னு சந்தோசமா அறிவிக்கிறேன். நோயி போன பெறகு ஆஸ்பத்திரி எதுக்கு?"

கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பட்டியலில் இருந்த பிள்ளைகளின் பெற்றோரும் இருந்தார்கள். எல்லோரும் தட்டியபோது அவர்களுக்கும் கை போய்விட்டது.

"அலகு மட்டும் தொடர்ந்து இருக்கும்" என்றார் வீரய்யா. "அடஞ்ச சாதனையப் பாதுகாக்க ஆள் வேணுமில்லியா."

முதலிடம் பெற்ற மாணவியை மேடைக்கு அழைத்தார்கள். துஷாந்தினி போகவில்லை. மறுபடி அழைத்தார்கள். வீரய்யா சிரித்து, "வெக்கப்படுது" என்று ஒலிவாங்கியில் சொல்லிவிட்டுச் சான்றிதழை மர்ஸூக்கிடம் நீட்டினார். மர்ஸூக் அதைக் கொண்டுவந்து விஜேந்திரனின் கையில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிற்றுண்டி தயார் என்று யாரோ கூப்பிட, போய்விட்டார்.

பஸ் நிலையத்தில் மெத்தையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள். விஜேந்திரன் சான்றிதழை மடிக்கவும் முடியாமல், நேராகப் பிடிக்கவும் முடியாமல் வைத்திருந்தான்.

"வேற எங்கயாச்சும் கேட்டுப் பாப்போம்" என்றான்.

"எங்க?"

அவன் சான்றிதழை மற்றக் கைக்கு மாற்றினான்.

"பத்துன்னு எழுதச் சொன்னே. எழுதுனேன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "இருவத்தஞ்சுன்னு எழுதுனப்ப ஒரு வகுப்பு இருந்துச்சு. உள்ள விடாம வச்சிருந்தாங்க, ஆனா இருந்துச்சு. நாங்க எல்லாரும் பத்துன்னு எழுதி எழுதித்தான் அத மூடியிருக்கோம்."

"நாம என்னா புள்ள செய்ய முடியும். அவனுங்க..."

"அவனுங்கள விடு. அவனுங்க அப்படித்தான். நாம எழுதிக் குடுத்தோம்."

மடுல்சீமை பஸ் வந்து நின்றது. விஜேந்திரன் மெத்தையைத் தூக்கிக் கூரையில் போட்டான். பெட்டியைத் தூக்கக் குனிந்தபோது அவள் அதன் மேல் உட்கார்ந்திருந்தாள், எழவில்லை. நடத்துனரைக் கூப்பிட்டு, ஆடைத் தொழிற்சாலைப் பக்கம் போகிற கொழும்பு பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று கேட்டாள்.